குறைந்த விலை வீபீஎஸ்: எந்த மெய்நிகராக்க வகையைத் தெரிவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பாடசாலைகளுக்கும், கமக்காரர் அமைப்புகளுக்கும், சில கடைகளுக்கும் சேர்வர்களைப் பராமரித்து வருகிறேன். மாதம் மூன்று முதல் ஆறு டொலருக்குள் ஒரு வீபீஎஸ் (மெய்நிகர் தனியார் சேர்வர்) வாங்க எண்ணுபவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் மாணவரும் கேட்கிறார். புதுக்குடியிருப்பில் கடை வைத்திருப்பவரும் கேட்கிறார். அக்கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

வீபீஎஸ் வாங்கும்போது உண்மையில் எதை வாங்குகிறோம்?

எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் பெரிய கணினி ஒன்றின் ஒரு பங்கை வாங்குகிறோம். அந்தக் கணினியை எவ்வாறு பங்கு போட்டிருக்கிறார்கள் என்பதையே மெய்நிகராக்க வகை குறிக்கிறது. ஒரு பெரிய வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுவது ஒரு முறை. காணியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் வேலி அடைத்து, கிணறும் வெட்டிக் கொடுப்பது இன்னொரு முறை. ஓபன்வீசெட், எல்எக்ஸ்சி ஆகியன முதல் முறையைச் சேர்ந்தவை. இவற்றைக் கொள்கலன்கள் என்பர். கேவிஎம், ஸென் ஆகியன இரண்டாவது முறையைச் சேர்ந்தவை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கேர்னலில் தொடங்குகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியே கேர்னல். வன்பொருளோடு நேரே பேசுவதும், நினைவகத்தையும் கோப்புகளையும் வலையமைப்பையும் நிர்வகிப்பதும் கேர்னலின் வேலை. அறை வாடகை முறையில் எல்லா வாடிக்கையாளர்களும் வீட்டுக்காரரின் ஒரே கேர்னலைப் பாவிக்கிறார்கள். வேலி அடைத்த காணியில் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கேர்னல் உண்டு. ஆகவே எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும், எத்தனை ஜிபி தருகிறார்கள் என்று கேட்பதற்கு முன்னர், அந்தச் சேர்வரில் ஓடப்போகும் கேர்னல் யாருடையது என்று கேளுங்கள். இப்பக்கத்தில் வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

ஓபன்வீசெட் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?

ஓபன்வீசெட் 2005 இல் திறந்த மூலமாக வெளிவந்தது. வேர்ச்சுவோசோ என்ற வணிக மென்பொருளின் அடித்தளமும் அதுவே. ஒரே கேர்னல் ஓடுவதால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாகச் செலவாகும் நினைவகம் மிகக் குறைவு. ஒரு பெரிய கணினியில் நூற்றுக்கும் மேற்பட்ட கொள்கலன்களை இருத்தலாம். மலிவுக்கு இது நேர்மையான காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. கொள்கலனுக்கு எழுதிக் கொடுக்கப்படும் 2 ஜிபி நினைவகம் அதற்கென்று ஒதுக்கி வைக்கப்படுவதில்லை. 2 ஜிபி வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற மேல்வரம்பே அது. எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், கணினியில் உள்ளதைவிடப் பல மடங்கு நினைவகத்தை ஒரு நிறுவனம் விற்க முடியும். வன்னியில் சிறுபோகத்துக்கு முன் ஏன் கூட்டம் கூடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். குளத்தில் நிற்கும் நீரை அளந்து, இத்தனை ஏக்கருக்கு மட்டும் விதைக்கலாம் என்று தீர்மானித்து, காலபோகத்தில் விதைத்த காணியின் ஒரு பகுதிக்கே அனுமதி கொடுக்கிறோம். நீரை அளக்காமல் கேட்டவர் எல்லோருக்கும் அனுமதி கொடுத்தால் கடைமடைக் காணி காயும். அளவுக்கு மீறி விற்ற சேர்வரிலும் இதுவே நடக்கிறது. ஆனால் அங்கே கூட்டமும் இல்லை, குளத்தின் நீர்மட்டம் உங்கள் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை.

கேர்னல் என்னுடையதாக இல்லாவிட்டால் எனக்கு என்ன நட்டம்?

புதிய மென்பொருள்கள் ஓடாமற் போவதே முதல் நட்டம். ஓபன்வீசெட்டின் ஆறாம் பதிப்பு 2.6.32 கேர்னலில் நின்றது. அதற்கான ஆதரவு 2019 நவம்பரில் முடிவடைந்தது. ஏழாம் பதிப்பு 3.10 கேர்னலைக் கொண்டது. கொள்கலனுக்குள் நீங்கள் டெபியன், உபுண்டு போன்ற புத்தம்புதிய லினக்ஸ் வகை ஒன்றை நிறுவியிருந்தாலும், கீழே ஓடுவது அந்தப் பழைய கேர்னல்தான். மறைகுறியாக்கிய தனிவழி இணைப்பு (விபிஎன்) தரும் வயர்காட் 2020 மார்ச்சில் வந்த 5.6 கேர்னலிலேயே இணைக்கப்பட்டது. தூரத்து இணைப்புகளில் வேகத்தைக் கூட்டும் பிபிஆர் 4.9 இல் வந்தது. மென்பொருள்களைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் டொக்கருக்கு ஆகக் குறைந்தது 3.10 வேண்டும், ஆகவே ஆறாம் பதிப்பில் அது பொதுவாக ஓடாது, ஏழாம் பதிப்பில் நிறுவனம் இடம் கொடுத்தால் மட்டும் ஓரளவு ஓடும். வயர்காட்டைக் கேர்னலுக்கு வெளியே ஓட்டுவதற்கு வழி உண்டு. அதற்கு டன் எனப்படும் வலையமைப்புச் சாதனத்தை நிறுவனம் திறந்துவிட வேண்டும். அதற்கும் நீங்கள் அவர்களிடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது நட்டம், உங்கள் கை கட்டப்படுவது. கொள்கலனுக்குள் நீங்களாக ஒரு சுவாப் கோப்பை (நினைவகம் போதாதபோது வட்டில் பாவிக்கும் இடம்) உருவாக்கி இயக்க முடியாது. கேர்னலுக்குக் கூடுதல் வசதி தரும் தொகுதிகளை ஏற்ற முடியாது. தீச்சுவர் விதிகளிற்கூட எவை கிடைக்கும் என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்கிறார். நிருவாகி என்ற பெயர் உங்களிடம் இருக்கும். நிருவாகியின் அதிகாரத்தில் ஒரு பகுதி வேறொருவரிடம் இருக்கும்.

விளம்பரத்தில் உள்ள நினைவகமே கிடைத்தால் போதாதா?

போதாது என்பதை 2016 இல் நட்டப்பட்டு அறிந்தேன். ஒரு பாடசாலையின் தவணைப் புள்ளிகளை ஆசிரியர்கள் தங்கள் வீடுகளிலிருந்து பதிவதற்காகச் சிறிய மென்பொருள் ஒன்றை எழுதி, மிக மலிவாகக் கிடைத்த ஓபன்வீசெட் சேர்வர் ஒன்றில் நிறுவியிருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. 1 ஜிபி உறுதி, மேலும் 1 ஜிபி அவசரத்துக்கு என்று எழுதியிருந்தது. மூன்றாம் தவணை முடிவில், மின்சாரமும் இணைப்பும் சீராக இருந்த ஓர் இரவில், ஏறத்தாழ எல்லா ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். தரவுத்தளம் நின்றது. மீண்டும் இயக்கினேன், பத்து நிமிடத்தில் மறுபடியும் நின்றது. நினைவகத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் மீதி இருப்பதாகவே கட்டளை காட்டியது.

காரணம் வேறோர் இடத்தில் இருந்தது. ஓபன்வீசெட் சாதாரண நினைவகத்துக்கு மட்டும் வரம்பு வைப்பதில்லை. கேர்னல் உங்களுக்காகப் பாவிக்கும் நினைவகம், ஓடும் செயல்களின் எண்ணிக்கை, திறந்திருக்கும் இணைப்புகள் என்று ஏறத்தாழ இருபது கணக்குகளைத் தனித்தனியே வைத்திருக்கும். 'யூசர் பீன்கவுண்டர்ஸ்' என்ற கோப்பில் அவை வரிசையாகத் தெரியும். கடைசி நிரல் எத்தனை முறை மறுக்கப்பட்டது என்று சொல்லும். கேர்னல் நினைவக வரியில் அந்த எண் என் கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. சுவாப் சேர்த்துத் தாங்கலாம் என்று முயன்றேன். அனுமதி இல்லை என்ற பதிலே வந்தது. விடிவதற்குள் ஓர் அட்டவணை சிதைந்துவிட்டது. மூன்று வகுப்புகளின் புள்ளிகளை ஆசிரியர்கள் இரண்டு நாள் இருந்து மறுபடியும் பதிந்தார்கள். விடுமுறைக்கு ஊர் போகவிருந்த ஓர் ஆசிரியை அதற்காகப் பயணத்தைப் பிற்போட்டார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் சங்கடப்படுகிறது, ஏனென்றால் மாதம் இரண்டு டொலர் கூடக் கொடுத்திருந்தால் அது நடந்திராது.

கேவிஎம் எவ்வாறு வேறுபடுகிறது?

கேவிஎம் லினக்ஸ் கேர்னலின் ஒரு பகுதி. கும்ராநெட் என்ற நிறுவனத்தில் எழுதப்பட்டு, 2007 பெப்ரவரியில் வெளியான 2.6.20 கேர்னலோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தை ரெட் ஹட் வாங்கியது. இன்டெல் 2005 இலும் ஏஎம்டி 2006 இலும் தம் செயலிகளில் (சிபியு) சேர்த்த மெய்நிகராக்க வசதியில் அது தங்கியிருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு முழுக் கணினி போன்ற சூழல் கிடைக்கும். அதில் நீங்கள் விரும்பிய கேர்னலை நிறுவலாம், சுவாப் வைக்கலாம், டொக்கரையும் வயர்காட்டையும் யாரிடமும் கேட்காமல் ஓட்டலாம், லினக்ஸ் வேண்டாமென்றால் ஃப்ரீபிஎஸ்டியையோ விண்டோஸையோகூட ஏற்றலாம். வட்டை முழுமையாக மறைகுறியாக்கவும் முடியும்.

வட்டும் வலையமைப்பும் 'வேர்ட்டயோ' (virtio) என்ற இயக்கிகள் (சாதனங்களோடு பேசும் சிறு மென்பொருள்கள்) ஊடாக வருகின்றனவா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வன்பொருளைப் போலப் பாவனை செய்யும் இயக்கிகளோடு கொடுத்தால் கேவிஎம்மும் மந்தமாகவே இருக்கும். வட்டின் பெயர் 'விடிஏ' (vda) என்று தொடங்கினால் அது வேர்ட்டயோ.

பெரிதாக யோசிக்க நேரமில்லாதவருக்கு என் பதில் இதுதான்: கேவிஎம் வாங்குங்கள். இன்று குறைந்த விலையிலும் அது தாராளமாகக் கிடைக்கிறது.

கேவிஎம் என்று எழுதியிருந்தால் நம்பி வாங்கலாமா?

கேவிஎம்மிலும் அளவுக்கு மீறி விற்க முடியும். சற்றுக் கடினம், அவ்வளவுதான். நினைவகத்தை விருந்தாளிக் கணினியிலிருந்து (அதாவது உங்கள் வீபீஎஸ்ஸிலிருந்து) திரும்பப் பெறும் பலூன் முறை உண்டு. ஒரே மாதிரியான நினைவகப் பக்கங்களை ஒன்றாக்கி மிச்சம் பிடிக்கும் கேஎஸ்எம் 2009 முதல் லினக்ஸில் இருக்கிறது. செயலி நேரத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் வெளிப்படையானது: குறைந்த விலைத் திட்டங்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் செயலி பகிரப்படுகிறது, அதை நிறுவனங்கள் பெரும்பாலும் மறைப்பதும் இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், கேவிஎம்மில் அதை நீங்களே அளக்கலாம். 'டொப்' (top) கட்டளையில் செயலி வரியின் கடைசியில் 'எஸ்டி' (st) என்ற ஓர் எண் வரும். உங்கள் செயலிக்கு வேலை இருந்தும், கீழேயுள்ள கணினி அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்த வீதம் அது. ஓரிரு வீதம் இயல்பு. பல நாட்களாக ஐந்துக்கு மேல் நின்றால் முறையிடுங்கள்; பத்தைத் தாண்டி நின்றால் நான் அங்கே இருக்க மாட்டேன். அளப்பதை மாலை ஏழு மணிக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் என்று வெவ்வேறு வேளைகளில் செய்ய வேண்டும், ஏனெனில் அயலவர் உறங்கும் நேரத்தில் எந்தச் சேர்வரும் நன்றாகத்தான் ஓடும். வட்டும் பகிரப்படும் பொருள்தான் என்பதால், பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி செய்து அதன் வேகத்தையும் குறித்து வையுங்கள்.

ஸென் பழையதாகிவிட்டதா?

பழையது, ஆனால் கெட்டதன்று. கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003 இல் வெளிவந்தது. அப்போது செயலிகளில் மெய்நிகராக்க வசதி இல்லாததால், விருந்தாளிக் கேர்னலையே திருத்தி ஓட்டும் பிவி முறையைக் கொண்டுவந்தார்கள். வன்பொருள் வசதி வந்தபின் எச்விஎம் முறை சேர்ந்தது. இரண்டின் நன்மையையும் எடுத்துப் பிவிஎச் பின்னர் வந்தது. அமேசானின் முகில் சேவை 2006 இல் ஸென் மேல்தான் தொடங்கியது. 2017 முதல் புதிய வகைகளைக் கேவிஎம் அடிப்படையில் அமைத்து வருகிறது. வீபீஎஸ் விற்கும் லினோட் நிறுவனம் 2015 இல் கேவிஎம்முக்கு மாறியது. ஏற்கெனவே ஸென் எச்விஎம் சேர்வர் வைத்திருந்து அது சரியாக ஓடினால் மாற்ற வேண்டியதில்லை. புதிதாக வாங்குபவர் பிவி மட்டும் தரும் திட்டத்தைத் தவிர்ப்பது நல்லது. காரணம் பாதுகாப்பு பற்றிய கேள்வியில் வருகிறது.

எல்எக்ஸ்சியும் ஓபன்வீசெட்டும் ஒன்றா?

ஒரே குடும்பம். ஓபன்வீசெட்டுக்குத் தனியாகத் திருத்திய கேர்னல் வேண்டும். எல்எக்ஸ்சி 2008 முதல் பொதுக் கேர்னலில் உள்ள வசதிகளைக்கொண்டே இயங்குகிறது. அதனால் எல்எக்ஸ்சி கொள்கலனுக்குக் கீழே பெரும்பாலும் புதிய கேர்னல் இருக்கும். சேர்வர்களைப் பங்கிட்டு நிர்வகிக்கும் மென்பொருளான புரொக்ஸ்மொக்ஸ் 2015 இல் தன் நான்காம் பதிப்பில் ஓபன்வீசெட்டைக் கைவிட்டு எல்எக்ஸ்சியை எடுத்துக்கொண்டது. ஆனால் கேர்னல் அப்போதும் வீட்டுக்காரருடையதுதான். ஆண்டுக்குச் சில டொலருக்குக் கிடைக்கும் மிகச் சிறிய சேர்வர்களில் பல இவ்வகை. அவற்றில் சொந்த ஐபிவி4 முகவரியும் (வழக்கமான இணைய முகவரி) இராது, பலர் பகிரும் ஒரு முகவரியின் சில போர்ட்டுகளை (இணைப்பு வாயில்களை) மட்டும் தருவார்கள். கற்றுக்கொள்ளும் மாணவருக்கும், வேறொரு சேர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் சிறு வேலைக்கும் அது போதும்.

விஎம்வேர், ஹைப்பர்-வி?

இரண்டும் வணிக மெய்நிகராக்க மென்பொருள்கள், திறமானவை; இரண்டிலும் சொந்தக் கேர்னல் கிடைக்கும். உரிமக் கட்டணம் காரணமாக மாதம் ஐந்து டொலர் மட்டத்தில் அரிதாகவே காண்பீர்கள்.

பாதுகாப்பில் எது மேல்?

கேர்னலில் ஓர் ஓட்டை இருந்தால், அதே கேர்னலைப் பகிரும் அனைவருக்கும் அந்த ஓட்டை உண்டு. 2016 இல் வெளியான டேட்டி கௌ ஓட்டை கேர்னலிலேயே இருந்தது. கேவிஎம் வைத்திருந்தவர் தானே கேர்னலைப் புதுப்பித்து மீள இயக்கிவிட முடிந்தது. கொள்கலனில் இருந்தவர் நிறுவனம் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற செயலி ஓட்டை வெளியானபோது இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது: இன்டெல் செயலிகளில் ஓடிய ஸென் பிவி விருந்தாளிகளும், கேர்னலைப் பகிரும் கொள்கலன்களும் தம் எல்லைக்கு வெளியேயுள்ள நினைவகத்தை வாசிக்கக்கூடிய ஆபத்தில் இருந்தன, வன்பொருள் மெய்நிகராக்கத்தில் ஓடியவற்றுக்கு அந்த வழியே வெளியே எட்டிப்பார்க்க முடியவில்லை.

கேவிஎம்முக்கு ஓட்டையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அதனோடு சேர்ந்து ஓடி, கணினியின் வன்பொருளைப் பாவனை செய்யும் கியூஎமு என்ற மென்பொருளில், பாவனையற்றுப்போன நெகிழ்வட்டு இயக்கிக்கான பகுதியில், 2015 இல் வெனம் என்ற பாரதூரமான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வேலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், காணிக்குச் சொந்தக்காரரான நிறுவனம் நினைத்தால் உள்ளே பார்க்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மாணவர்களின் விபரங்களோ வாடிக்கையாளர்களின் கடன் கணக்கோ வைப்பவர்கள் அதை மனத்தில் வைத்தே நிறுவனத்தைத் தெரிய வேண்டும்.

512 எம்பி நினைவகம் மட்டும் வாங்க முடியும் என்றால்?

இங்கேதான் கொள்கலனுக்கு உண்மையான நியாயம் இருக்கிறது. கேவிஎம்மில் உங்கள் சொந்தக் கேர்னலும் அந்த 512 எம்பிக்குள்ளேயே இருக்க வேண்டும். உள்ளே நுழைந்து பார்த்தால் 512 முழுதாகத் தெரியாது. கொள்கலனில் அச்செலவு வெளியே நிற்கும். 128 அல்லது 256 எம்பி என்றால் கொள்கலனே பொருத்தம். 512 எம்பியில் நான் கேவிஎம்மையே எடுத்து, 1 ஜிபி சுவாப் கோப்பு ஒன்றை வைத்து, தரவுத்தளத்தின் இடைநினைவகத்தைச் சுருக்கி ஓட்டுவேன். ஒரு கடையின் வேர்ட்பிரஸ் தளத்தை அவ்வாறு ஓட்ட முடியும்.

வாங்கியது உண்மையில் எந்த வகை என்று எப்படிப் பார்ப்பது?

உள்ளே நுழைந்ததும் 'சிஸ்டம்டி-டிடெக்ட்-வேர்ட்' (systemd-detect-virt) கட்டளையை இடுங்கள். கேவிஎம், ஸென், ஓபன்வீசெட், எல்எக்ஸ்சி என்று பெயரைச் சொல்லும். 'யூநேம்' (uname -r) கட்டளை கேர்னலின் எண்ணைக் காட்டும், அது 2.6.32 அல்லது 3.10 என்று இருந்து, நீங்கள் நிறுவியதோ அண்மைய உபுண்டு என்றால், நீங்கள் ஓபன்வீசெட்டில் இருக்கிறீர்கள். பணத்தைத் திருப்பித் தரும் காலம் முடிவதற்கு முன், வாங்கிய அன்றே இதைச் செய்யுங்கள்.

வன்னியிலிருந்து வாங்குபவர் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பாவிப்பவர்கள் இங்கே என்றால் சேர்வர் சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ இருப்பது நல்லது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்தால் ஒரு போய்வரலுக்கே 200 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகும். அதை எந்த மெய்நிகராக்க வகையாலும் குறைக்க முடியாது.

பாடசாலைக் கணினி அறையிலேயே ஒரு பழைய கணினியைச் சேர்வராக வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் எல்லோரும் பட்டோம். அந்த நாட்களில் வெளிநாட்டில் இருந்த சேர்வர்கள் தடையின்றி ஓடின. ஆனால் வேறொரு சிக்கல் வந்தது. ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டுக் கொடுப்பனவுகளுக்கு வங்கி அட்டைகள் மறுக்கப்பட்டன. ஆகவே இரண்டு மாதக் கட்டணத்தையாவது கணக்கில் முற்பணமாக வையுங்கள். ஆனால், பழக்கமில்லாத மிக மலிவான நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுக் காசை ஒரேயடியாகக் கட்ட வேண்டாம்.

ஓபன்வீசெட்டிலிருந்து கேவிஎம்முக்கு எப்படி மாறுவது?

வட்டின் பிரதியை அப்படியே தூக்கி வைக்க முயல வேண்டாம். கொள்கலனுக்குள் கேர்னலும் இல்லை, கணினி எழும்போது கேர்னலை ஏற்றும் தொடக்க ஏற்றியும் இல்லை, அதனால் அது கேவிஎம்மில் எழுந்து நிற்காது. புதிய சேர்வரில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். பழையதில் தரவுத்தளத்தை எழுத்துக் கோப்பாக இறக்கி, அதையும் தளத்தின் கோப்புகளையும் 'ஆர்சிங்க்' (rsync) என்ற பிரதி செய்யும் கருவி மூலம் கொண்டுவந்து, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (தளப் பெயருக்கு முகவரி காட்டும் கோப்பு) மட்டும் முகவரியை மாற்றிச் சோதியுங்கள். தளப் பெயரைச் சேர்வரின் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் காலவரம்பை இரண்டு நாளுக்கு முன்பே 300 செக்கனாகக் குறைத்து வையுங்கள். மாற்றும் இரவில் பழைய தளத்தை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டிவிட்டு, தரவுத்தளத்தை இறுதியாக ஒருமுறை இறக்கி ஏற்றிய பின்னரே டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள்.

பழைய சேர்வரை உடனே நிறுத்திவிடாமல் ஒரு மாதம் வைத்திருங்கள். கடைசியாக இறக்கிய தரவுத்தளக் கோப்பின் ஒரு பிரதியை இரண்டு சேர்வர்களிலும் அல்லாமல் உங்கள் கையில் உள்ள வட்டு ஒன்றில் வைத்து, அதை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். அது திறந்து, கடைசியாகப் பதிந்த பதிவு அதில் தெரிந்த பின்னர் பழையதை மூடலாம்.